இரண்டாவது ஆள்

தொலைக்காட்சியில் கோட்டுப் போட்டவர்கள் உட்கார்ந்து, ஒரு நாடு எதனால் முன்னேறுகிறது என்று பேசினால் நான் சேனலை மாற்றமாட்டேன். முதலீடு என்பார் ஒருவர், துறைமுகம் என்பார் இன்னொருவர். எல்லாம் சரிதான். நான் அதைத் தெரிந்துகொண்டது துறைமுக நகரான கிள்ளானில், ஒரு பாட்டில் மூடித் தொழிற்சாலையில்.

அங்கே நானும் ஓர் அக்காவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஓடிவரும் மூடிகளில் கீறலும் கறையும் உள்ளவற்றைப் பொறுக்கிப் போடுவோம். பக்கத்து ஊரான காப்பாரிலிருந்து என் மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்துதான் அக்கா வேலைக்கு வருவார். வழியெல்லாம் வாய் ஓயாது. வீட்டுக்காரர் இறந்த பிறகு அந்தச் சம்பளத்தில்தான் அவர் குடும்பம் ஓடியது.

ஒருநாள் எங்கள் வேலையைச் செய்யக் கேமரா வைத்த இயந்திரம் வந்து இறங்கியது. கறையுள்ள மூடியைக் கண்டால் காற்றை ஊதித் தள்ளிவிடும். எங்கள் பிழைப்பில் மண் போட வந்தது அது. இருந்தாலும் அந்த வாரம் ஆயுத பூஜை. புது மெஷினை மட்டும் விட்டுவிட முடியுமா? எங்கள் சீன முதலாளிக்கு இதிலெல்லாம் நம்பிக்கை அதிகம், பூசணிக்காயை அவரே உடைப்பார். அக்கா ஒவ்வோர் இயந்திரத்துக்கும் சந்தனம், குங்குமம் வைத்துக்கொண்டே வந்தார். புதியதற்கு நெற்றி எது என்று தெரியாமல், நடுவில் பளபளத்த வட்டக் கண்ணாடியில் பெரிய பொட்டாக வைத்துவிட்டார்.

மறுநாள் அது வந்த மூடியையெல்லாம் ஊதித் தள்ளியது. நல்ல மூடி ஒன்றுகூடத் தப்பவில்லை. டெக்னீஷியன் கண்ணாடியைத் துடைத்துக் காட்டியபோது முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தார்.

"நம்ம அளவுக்கு அதுக்குப் பார்க்கத் தெரியல லா," என்று அக்கா என் காதில் சொன்னார். எனக்கும் கொஞ்சம் தெம்பு வந்தது.

அது சிரிப்போடு போயிற்று. மறுவாரம் முதலாளி என்னைக் கூப்பிட்டு, இயந்திரத்தை ஓட்டக் கற்றுக்கொள்ள ஷா ஆலம் நகரத்துக்குப் போகச் சொன்னார். இயந்திரத்தின் திரையில் வருவது ஆங்கிலம். எனக்கு வாசிக்க வரும், அக்காவுக்கு வராது. இரண்டு பேரையும் அனுப்புங்கள், நான் அவருக்குச் சொல்லித் தருகிறேன் என்றேன். முதலாளி கோபப்படவில்லை. கணக்கு வராத பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்து, மலாயில் கேட்டார்: "மெஷின் ஒண்ணு. ஆள் எதுக்கு ரெண்டு?"

அவரைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். அப்படிக் கேட்காத முதலாளிகள் எப்போதோ கடையை மூடிவிட்டுப் போயிருப்பார்கள். இதைக் கேட்டுக் கேட்டுத்தான் இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கே இப்படி வளர்ந்திருக்கிறது என்று நினைக்கிறேன். நினைக்கும்போது எரிச்சலும் வருகிறது. கேட்பவர் ஒருநாளும் அந்த இரண்டாவது ஆளாக இருப்பதில்லை.

அன்று வீடு திரும்பும் வழியில், இனி ஓர் ஆள் போதும் என்று முதலாளி சொன்னதை அக்காவிடம் சொன்னேன். அக்கா இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "நீ போய்க் கத்துக்கிட்டு வாம்மா. வியாபாரம் பெருகினா ரெண்டாவது மெஷின் வாங்குவாரு. அப்ப என்னைக் கூப்பிடு."

வியாபாரம் பெருகியது. என் சம்பளமும் உயர்ந்தது. அக்கா விடியுமுன் பஸ் ஏறி, தலைநகரத்துப் பங்சாரில் அலுவலகங்களைக் கூட்டித் துடைக்கப் போகிறார்.

இந்த வருடம் இரண்டாவது இயந்திரம் வந்தது. அக்காவைக் கூப்பிடட்டுமா என்று முதலாளியிடம் போய் நின்றேன்.

"எதுக்கு? நீதான் நல்லா கத்துக்கிட்டியே," என்றார்.

இப்போது இரண்டையும் நானே பார்த்துக்கொள்கிறேன்.