சன்னலோரக் கட்டில்

நடவுக்குக் கூப்பிட வந்த பெண்கள் வாசலில் நிற்க, அம்சம் கட்டிலைவிட்டு எழ முடியாமல் கிடந்தாள். கீழ்வேளூர்ப் பக்கத்து வயல்களில் குனிந்து குனிந்தே தேய்ந்த முதுகு அது. ஆனாலும் இப்படி ஒருநாளும் மடங்கியதில்லை.

"மெத்தையில படுத்தவ இனிமே சேத்துல எங்க இறங்கப் போறா?" என்று ஒருத்தி சிரித்தாள்.

அம்மாவைக் கைத்தாங்கலாகத் தூக்கிக்கொண்டிருந்த மகள் எழில்மொழிக்கு, அந்த நேரத்திலும் அந்தப் பேச்சு உள்ளூர இனித்தது.

குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவள். பண்ணையார் வரும்போது கட்டிலில் உட்கார்ந்திருந்ததற்காகத் தாத்தா அடிவாங்கிய கதையைக் கேட்டு வளர்ந்தவள். வேலை கிடைத்ததும் நாடாக் கட்டிலும், அதன்மேல் பெருத்த ஸ்பாஞ்சு மெத்தையும் வாங்கி, தெருவைப் பார்த்த சன்னலோரம் போட்டாள்.

"பள்ளத்துல கிடக்குற மாதிரி இருக்கு எழிலு. கீழயே படுத்துக்கறேனே."

"தரையில கிடந்ததெல்லாம் போதும்மா" என்று அதட்டிவிட்டாள்.

அரசு மருத்துவமனையில் முதுகைப் பரிசோதித்த இயன்முறை மருத்துவர் வானதி, "எப்படிப் படுப்பீங்கம்மா?" என்று கேட்டார்.

"நேராத்தான் படுப்பாங்க" என்றாள் எழில்மொழி.

"அவங்க சொல்லட்டும்."

அம்சம் சேலை முந்தானையை விரலில் சுற்றினாள். "சுருண்டுதாங்க படுப்பேன். தெருவுல போறவங்க வர்றவங்க பாக்குறாங்க. கால நீட்டக் கூச்சமா இருக்கும். இந்தப் புள்ள ஆசையா வாங்கிப் போட்டுது. இறங்கிப் படுத்தா மனசு சங்கடப்படும்ல?"

எழில்மொழிக்குக் காது சுட்டது. இத்தனை மாதமும் மகளின் கௌரவத்தைத்தான் அம்மா முதுகில் சுமந்திருக்கிறாள்.

வானதி இருவருக்கும் பொதுவாகப் பேசினார். தரையில் படுத்தால் எழும்போது முதுகு இழுக்கும், கட்டிலே இருக்கட்டும். ஆனால் தொய்வில்லாமல் மேலே பலகை, அதன்மேல் மெல்லிய இலவம்பஞ்சு மெத்தை. மல்லாந்தால் முழங்காலுக்கடியில் ஒரு தலையணை, ஒருக்களித்தால் இரண்டு முழங்காலுக்கும் நடுவில். குப்புறப் படுக்க வேண்டாம். எழும்போது பக்கவாட்டில் திரும்பி, காலைத் தொங்கவிட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். கால் மரத்துப்போனாலோ சிறுநீர் போவதில் கோளாறு வந்தாலோ உடனே வர வேண்டும்.

பலகை கொண்டுவந்து கொடுத்த பக்கத்து வீட்டு அன்பரசன், கட்டில் உள்சுவரோரம் போயிருப்பதைப் பார்த்தான். "ஏன்க்கா உள்ள தள்ளிட்டீங்க? தெருவுக்கே அழகா இருந்துச்சே." கிண்டலாகச் சொல்லவில்லை. அதுதான் எழில்மொழிக்குத் தாங்கவில்லை.

அம்சம் ஒருக்களித்துப் படுத்தாள். முழங்கால்களுக்கு நடுவில் எழில்மொழி தலையணையை வைத்தாள்.

"வலி குறைஞ்சிருக்காம்மா?"

"படுத்த உடனே தெரிஞ்சிடுமா? நாலு நாள் போகட்டும். நீ செத்த வெளிய போயேன். பாத்துக்கிட்டே நின்னா எப்படித் தூங்குறது?"

எழில்மொழி கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தாள். நன்றாகப் படுத்திருக்கிறாளா என்று இன்னொருமுறை எட்டிப் பார்க்க ஆசையாக இருந்தது. பார்க்கவில்லை.