கணினியில் செத்த ஆடுகள்

இரும்புக் கம்பியை நாலு பக்கமும் மடக்கிப் பற்றவைத்த ஒரு சட்டம். பக்கத்துக்கு அரை மீட்டர். அவனியாபுரத்துப் பட்டறை ஒன்றில் சொல்லிச் செய்தது. அதைத் தோளில் மாட்டிக்கொண்டு மூன்று வருடம் கண்மாய்க்குள் அலைந்திருக்கிறேன். வெயிலில் சூடேறிக் கழுத்தைச் சுடும். கண்ணை மூடிக்கொண்டு அதைத் தூக்கி எறிய வேண்டும். விழுந்த இடத்தில் உட்கார்ந்து, சட்டத்துக்குள் இருக்கிற புல்லைத் தரையோடு ஒட்டக் கத்தரித்துக் காகிதப் பையில் போட்டு, பையின் மேல் தேதியும் இடமும் எழுத வேண்டும். பிறகு புல்லைக் காயவைத்து எடை பார்க்க வேண்டும். இதுதான் என் வேலை. இதைச் செய்யச் சொன்னவர் மேய்ச்சல் நிலத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்த ஒரு விவசாய விஞ்ஞானி. எல்லோரும் அவரை டாக்டர் என்றுதான் கூப்பிடுவோம். படித்து வாங்கிய பட்டம் அது. ஆனால் ஊரில் பாதிப் பேர் அவரைக் கால்நடை வைத்தியர் என்றே நினைத்தார்கள். வயிறு ஊதிய ஆட்டை இழுத்துக்கொண்டு வந்து நிற்பார்கள். அவர் கையைப் பிசைவார். "ஊசி போடத் தெரியாதவருக்கு எதுக்கு டாக்டரு பட்டம்" என்று என் சித்தி அவர் காதுபடவே கேட்டிருக்கிறாள்.

எங்கள் ஊர் சோழவந்தான் பக்கம். ஆற்றுப் பக்கம் வெற்றிலைக் கொடிக்காலும் வயலும் வைத்திருப்பவர்கள். கண்மாய்க் கரையை ஒட்டி நாங்கள். எங்கள் தெருவில் யாருக்கும் ஒரு குழி நிலம் கிடையாது. அடுத்தவன் வயலில் நட்டு அறுத்து வாழ்ந்தவர்கள். கூலியோடு கூட ஆடு வைத்திருந்தால் கொஞ்சம் நிமிர்ந்து நடக்கலாம். சித்தியிடம் ஒரு பட்டி வெள்ளாடு இருந்தது. அம்மா செத்த பிறகு என்னை வளர்த்தவள் சித்தி. நான் பன்னிரண்டாவது வரை படித்தது அந்த ஆடுகளால்தான். பரீட்சைக்குப் பணம் கட்ட வேண்டும் என்றால் ஒரு கிடா போகும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனிமேல் சொல்லப்போவது அந்த ஆடுகளைப் பற்றித்தான். டாக்டர் எவ்வளவு பெரிய ஆராய்ச்சியாளர் என்று சொல்ல நான் வரவில்லை.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் ஒன்று நடந்தது. பங்குனி மாதம். கண்மாயில் தண்ணீர் வற்றி மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. புல் என்று சொல்ல ஒன்றும் இல்லை. கருவேல மரத்தடியில் சட்டம் விழுந்தது. உள்ளே நாலைந்து காய்ந்த கோரைத் தட்டையும், கை நிறையக் கருவேல நெற்றும் கிடந்தன. நெற்று என்றால் முற்றிக் காய்ந்து உதிர்ந்த காய். நான் இரண்டையும் அள்ளிப் பையில் போட்டேன். ஒத்தக்கடையில் ஒரு வாடகை மாடியில் ஆராய்ச்சித் திட்ட அலுவலகம். டாக்டர் பையை மேசையில் கொட்டிப் பார்த்தார். நெற்றைத் தனியாக ஒதுக்கிக் கூடையில் தள்ளினார். "குப்பையை எடை போடவா உன்னை வேலைக்கு வச்சிருக்கு? சட்டத்துக்குள்ள இருக்கிற சருகு, காய் எல்லாத்தையும் முதல்ல கூட்டித் தள்ளணும். புல்லை மட்டும் வெட்டணும். எழுதிக் குடுத்திருக்கேன்ல?" என்றார். அங்கே இருந்த இரண்டு ஆராய்ச்சி மாணவர்கள் சிரித்தார்கள்.

எனக்குச் சுருக்கென்று பட்டது. குப்பை என்று அவர் தள்ளியது எங்கள் ஆடுகளின் சாப்பாடு. பங்குனி, சித்திரை இரண்டு மாதமும் வெள்ளாடு உயிர் பிழைப்பது நெற்றால். அதைத் தின்ற ஆட்டுக்குப் பால் வற்றாது, குட்டியும் நிற்கும். எங்கள் தெருவில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூட இது தெரியும். ஆனால் நான் சொல்லவில்லை. சரி சார் என்றேன். மறுநாளிலிருந்து ஒரு தென்னை விளக்குமாற்றை வெட்டிக் குட்டையாக்கி எடுத்துக்கொண்டு போனேன். சட்டம் விழுந்ததும் நெற்றை எல்லாம் சுத்தமாகக் கூட்டித் தள்ளினேன். புல்லை மட்டும் வெட்டினேன். நீ சொன்னதைத்தானே செய்கிறேன் என்று ஒரு வீம்பு. பிறகு வேலை போய்விடுமோ என்ற பயம். அதற்கும் பிறகு பழகிவிட்டது. இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அவர் சோம்பேறி இல்லை. புரட்டாசி முதல் தை வரை காலையில் ஏழு மணிக்கெல்லாம் கண்மாயில் இருப்பார். ஒரு ஆட்டைத் தேர்ந்தெடுத்து அதன் பின்னாலேயே நடப்பார். எந்தச் செடியில் எத்தனை கடி கடிக்கிறது என்று எண்ணி எழுதுவார். முள் குத்திய காலோடு நொண்டிக்கொண்டு அது போகிற இடமெல்லாம் போவார். "ஏய்யா, பொண்ணு பாக்க வந்தவரு மாதிரி பின்னாலயே வாரீகளே, அது கெடா" என்று சித்தி சொல்ல, மேய்க்கிற பெண்கள் எல்லாம் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். ஆனால் இதெல்லாம் மழைக்காலத்தில். மாசி பிறந்தால் அவர் வரமாட்டார். வருடக் கணக்கு முடிக்கிற மாதம், திட்டத்துக்கு வந்த பணத்தை எப்படிச் செலவழித்தோம் என்று மேலே எழுதி அனுப்புகிற மாதம் அது. அவரைப் போன்றவர்கள் அத்தனை பேரும் அப்போது அந்தந்த ஊர் அலுவலக நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். இந்தச் சீமையின் கோடையை ஆராய்ச்சி செய்கிறவர்கள் யாரும் கோடையில் வெளியே வருவதில்லை. சட்டமும் விளக்குமாறுமாக நான் ஒருத்திதான் போவேன்.

இந்த எடையெல்லாம் கணினிக்குள் போகும். அவர் அதற்குள் எங்கள் ஊரையே கட்டி வைத்திருந்தார். மழை எவ்வளவு, எந்த மண், எவ்வளவு புல் முளைக்கும், அறுப்புக்குப் பிறகு வயலில் நிற்கிற தாள் எத்தனை நாள் கிடைக்கும், ஆடு எவ்வளவு தின்னும், எத்தனை குட்டி போடும் எல்லாம் உள்ளே இருக்கும். பொத்தானைத் தட்டினால் ஒரு வருடம் ஒரு நிமிடத்தில் ஓடும். பச்சைக் கோடு புல். சிவப்புக் கோடு ஆடு. ஒருநாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். ஐப்பசியில் பச்சை ஏறியது, தையில் சரிந்தது, மாசியில் தரையைத் தொட்டது. பங்குனியில் சிவப்பும் விழுந்தது. "பாரும்மா, என் கணினியில வருசா வருசம் பங்குனியில ஆடெல்லாம் செத்துப்போகுது. ஊர்ல சாகலை. எங்கேயோ தப்பு இருக்கு" என்றார். என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். நான் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவரே ஒரு பதில் கண்டுபிடித்துக்கொண்டார். இவர்கள் கடையில் தீவனம் வாங்கிப் போடுகிறார்கள், கிடைக்காதபோது புல்லை வேரோடு மேயவிடுகிறார்கள் என்று. சித்தி தன் வாழ்நாளில் ஒரு மூட்டைத் தீவனம் வாங்கியவள் இல்லை.

இது பொம்மை விளையாட்டு, இதனால் யாருக்கு என்ன என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதுதான் என் முட்டாள்தனம். இரண்டாம் வருட முடிவில் அவர் ஓர் இடைக்கால அறிக்கை கொடுத்தார். இந்தக் கண்மாய் இப்போது மேய்கிற ஆடுகளில் மூன்றில் ஒரு பங்கைத்தான் தாங்கும் என்று அதில் ஒரு வரி. மற்ற பக்கங்களை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. அந்த ஒரு வரியை அதிகாரிகள் பிடித்துக்கொண்டார்கள். கண்மாயை விட்டு ஆட்டுக்காரர்களை விரட்ட வேண்டும் என்று வயல்காரர்கள் ரொம்ப காலமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இப்போது விஞ்ஞானமே சொல்லிவிட்டது. ஆடிக்குள் கல் ஊன்றிக் கம்பி கட்டிப் பலகை வைத்தார்கள். மேய்ச்சலுக்குத் தடை. உள்ளே போனால் அபராதம். மூன்றில் ஒரு பங்கையாவது விட்டார்களா என்றால் அதுவும் இல்லை.

மழைக்காலத்தை ரோட்டோரத்திலும் தரிசிலும் சித்தி எப்படியோ ஓட்டினாள். பங்குனி வந்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் நெற்று உதிர்ந்து கிடந்தது. அந்த வருடம்தான் டாக்டர் முதல்முறையாகப் பங்குனியில் ஊருக்கு வந்தார். கணினியில் ஆடு சாகிற கதை அவரை விடவில்லை. இந்த முறை கணக்கு வேலையை மாணவர்களிடம் தள்ளிவிட்டு வந்துவிட்டார். வெயில் உச்சியில் இருந்தது. சித்தியின் ஆடுகள் கம்பி ஓரமாக வரிசையாக நின்று தலையை உள்ளே விட்டு இடித்துக்கொண்டிருந்தன. விலா எலும்பு எண்ணலாம். இரண்டு ஆட்டுக்குக் கழுத்தில் கம்பி கிழித்த ரத்தம். டாக்டர் கொஞ்ச நேரம் பார்த்தார். "உள்ளே ஒரு புல்கூட இல்லையே. எதுக்கு இப்படி இடிக்குது?" என்றார்.

சித்தி கம்பிக்குள் கையை விட்டு ஒரு பிடி நெற்றை அள்ளி நீட்டினாள். ஆடுகள் அவள் கையை மொய்த்தன. மொறுமொறுவென்று கடிக்கிற சத்தம். "பங்குனி சித்திரைக்கு இதான்யா அதுகளுக்குச் சோறு. இது தெரியாமயா மூணு வருசமாப் புல்ல வெட்டி வெட்டி எட போட்டீக?"

அவர் முகம் சாம்பலாகிவிட்டது. உடனே சித்தி என் பக்கம் திரும்பினாள். "ஏண்டி, அவருதான் டவுனுக்காரரு. கூடவே திரிஞ்சயே, நீ சொல்ல மாட்டியா?"

நான் சொன்னேன், "சொன்னேன் சித்தி. அவரு கேக்கல."

அவர் என்னைப் பார்க்கவில்லை. சித்தியைப் பார்த்தே சொன்னார்: "ஆமாம்மா. சொன்னாங்க. நான்தான் கேக்கலை."

"அப்ப நீயெல்லாம் என்னய்யா படிச்ச" என்றாள் சித்தி. அதுவரை 'வாங்க, போங்க' என்று பேசியவள். அவர் என்னையும் ஏற்றிக்கொண்டு வண்டியை எடுத்தார். ஒத்தக்கடை போய்ச் சேரும்வரை வண்டியில் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் கத்தியிருப்பேன், குப்பை என்று சொன்னது யார் என்று. அவர் கேட்காமல் இருந்ததுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்றைக்கும் அந்தக் கோபம் போகவில்லை. என் பொய்யை வாங்கி அவர் பையில் போட்டுக்கொள்ளச் சொன்னது யார்?

அனுமதி வாங்கிக்கொண்டு கம்பிக்குள் போய், அந்தச் சித்திரை முழுக்க அவரே மரத்துக்கு மரம் உட்கார்ந்து நெற்றைப் பொறுக்கி எடை போட்டார். கணினியில் ஏற்றினார். சிவப்புக் கோடு பங்குனியைத் தாண்டி நேராகப் போயிற்று. ஒரு ஆடும் சாகவில்லை. அறிக்கை தவறு, ஆய்வாளரின் கவனக்குறைவு என்று தன் பெயரைப் போட்டு அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதினார். நேரில் போய்ச் சொன்னார். வேலி போட்டது போட்டதுதான், செலவு ஆகிவிட்டது, தப்பு என்று இப்போது சொன்னால் யார் பதில் சொல்வது என்று திருப்பி அனுப்பினார்கள். திரும்பத் திரும்பப் போனார். திட்டத்தை மூன்றாம் வருடத்தோடு முடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். என் வேலையும் அதோடு போயிற்று. அதற்குள் சித்தி பட்டியைச் சந்தைக்கு ஓட்டிப்போய்விட்டாள். எலும்பும் தோலுமான ஆட்டை எவன் நல்ல விலைக்கு வாங்குவான். கடைசிக் கிடாவை வண்டியில் ஏற்றும்போது அது கத்தியதற்குச் சித்தி திட்டியது டாக்டரை. அதன்பின் எந்த வீட்டில் உட்கார்ந்தாலும் திட்டினாள். "என் கொலத்தக் கெடுத்த ஆளு. புள்ள படிச்சுப் படிச்சுச் சொல்லிருக்கா, கேக்கலையே" என்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

நாலு வருடம் கேட்டேன். போன மாதம் என்னால் முடியவில்லை. சித்தி வாசலில் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள். வேறு யாரிடமோ தொடங்கிய அதே பேச்சைத் தனக்குத் தானே முடித்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லிவிட்டேன். அவரிடம் நான் சொல்லவே இல்லை, முதல் வாரம் அவர் ஏசியதற்காக வாயை மூடிக்கொண்டேன், மூன்று வருடமும் விளக்குமாற்றால் கூட்டித் தள்ளியது நான்தான் என்று.

சித்தியின் கை நிற்கவில்லை. இரண்டு இணுக்கு உருவிய பிறகுதான் பேசினாள்.

"அவரு தெரியாமச் செஞ்சாரு. நீ எம்மடியில உக்காந்து நெத்து ஒடச்சு வெளாண்டவடி."

பிறகு, "அந்தாளு நம்பரு இருக்கா?" என்றாள்.

போட்டுக் கொடுத்தேன். அவர் இப்போது மகள் வீட்டில் இருக்கிறார், உடம்பு அவ்வளவு நன்றாக இல்லை. "டாக்டரய்யா, நாந்தான், ஆட்டுக்காரி. உங்கள ஊரு பூராவும் அம்புட்டுப் பேச்சுப் பேசிப்புட்டேன்யா. ஒண்ணும் மனசுல வச்சுக்கிராதீக" என்றாள். அந்தப் பக்கம் அவர் என்னவோ சொன்னார். "இப்பவாச்சும் ஊசி போடக் கத்துக்கிட்டீகளா, இல்லையா?" என்று கேட்டுச் சித்தி சிரித்தாள். ஆடு போனதிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. நிறைய நேரம் பேசினார்கள். கால் வலி, மழை, மகளுக்கு எத்தனை பிள்ளை. அப்புறம் அவர் என்னைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டும். சித்தியின் சிரிப்பு நின்றது.

"இந்தா இருக்கா" என்றாள்.

போனை என் கையில் தரவில்லை. எங்கள் இருவருக்கும் நடுவில் தரையில் வைத்துவிட்டுக் கீரைக்குத் திரும்பிக்கொண்டாள். அதற்குள்ளிருந்து அவர் அலோ, அலோ என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நான் குனிந்து எடுக்க வேண்டியிருந்தது.