இன்பம் சிஸ்டர் சொன்ன பொய்

சாத்தூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்த இன்பத்துக்கு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றில் ஒரு புது வேலை வந்தது. ராஜசிங் என்று ஒரு டாக்டர் சென்னையிலிருந்து வந்திருந்தார். தொண்ணூறு வயதைத் தாண்டியும் திடமாக நடமாடுகிறவர்களைத் தேடிப் பார்த்து, என்ன சாப்பிட்டார்கள், எப்படி உழைத்தார்கள், எந்த நோய் அவர்களை அண்டவில்லை என்று ஆராய்வது அவருடைய நோக்கம். ஊர் ஊராகக் கூட வரவும், கிழவிகளிடம் பேச்சுக் கொடுக்கவும் அவருக்கு ஒரு பெண் துணை வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டரம்மா இன்பத்தைக் கைகாட்டினார்.

இன்பத்துக்கு அப்போது நாற்பது வயது. கல்யாணம் ஆகவில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பிரசவ வார்டுதான். அத்தனை வருஷத்தில் ஒரு டாக்டரும் அவளிடம் எதையும் கேட்டுத் தெரிந்துகொண்டதில்லை. சொன்னதைச் செய்தாள், அவ்வளவுதான். ராஜசிங்கோ முதல் நாளே ஜீப்பில் திரும்பி வரும்போது, “நீங்க என்ன நினைக்கிறீங்க சிஸ்டர்?” என்று கேட்டார். அவள் வெளியே பருத்திக் காட்டைப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஆனால் அந்தக் கேள்வி அவளை என்னவோ செய்துவிட்டது.

வேலையில் ஒரே ஒரு சிக்கல்தான் இருந்தது. எல்லா ஊரிலும் ஒரு நூறு வயதுக்காரர் இருந்தார். யாருக்கும் பிறந்த வருஷம் தெரியாது. டாக்டர் பழைய சம்பவங்களை வைத்துக் கேட்பார். சிவகாசிக் கொள்ளை நடந்தபோது உங்களுக்குக் கல்யாணம் ஆகியிருந்ததா, தாது வருஷப் பஞ்சம் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா என்று மெல்லப் பின்னால் கொண்டுபோவார். நூறு வயது என்று உட்காரவைத்த பெரியவர் எண்பதில் வந்து நிற்பார். வீட்டாருக்கு முகம் சுண்டிப்போகும். ஜீப்பில் ஏறியதும் டாக்டர் சிரித்துக்கொண்டே, “இன்னொரு நூறு போச்சு சிஸ்டர்” என்பார். இன்பமும் சிரிப்பாள். ஆனால் அந்த ஆட்களைத் தேடிப் பிடித்தவள் அவள்தான் என்பதால், ஒவ்வொரு நூறும் போகும்போது அவளுக்குத் தன் மதிப்பே குறைவதுபோல் இருக்கும்.

அப்படி இருக்கும்போதுதான் ஏழாயிரம்பண்ணைப் பக்கத்து ஊர் ஒன்றில் வேலுத்தாய் கிடைத்தாள்.

ஒல்லியான கறுத்த உடம்பு. முதுகு கூனவில்லை. கிணற்றில் தானே இறைத்துக் குளிப்பாள். ஆடிக்கு ஆடி இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு நடந்தே போய் வருகிறாள் என்று ஊரே சொன்னது. டாக்டர் அவள் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டுவிட்டு, இன்பத்தைக் கூப்பிட்டு அவளையும் கேட்கச் சொன்னார். ஒரு குமரியின் நெஞ்சுபோல அடித்துக்கொண்டிருந்தது.

“ஆத்தா, தாது வருசப் பஞ்சம் ஒங்களுக்கு நெனவு இருக்கா?” என்று இன்பம் கேட்டாள்.

சுற்றிலும் மகன் சுடலை, பேரன், பேரன் பெண்டாட்டி, ஊர்க்காரர்கள் எல்லோரும் நின்றிருந்தார்கள்.

“எனக்கெங்கன நெனவு இருக்கும். நான் அப்போ எங்காத்தா வகுத்துல இருந்தேன்” என்றாள் வேலுத்தாய்.

சுடலைக்கு வருத்தம். “எங்க ஆத்தாளுக்கு நூறு தாண்டிட்டு டாக்டரய்யா. அது ஏதோ மறந்து சொல்லுது” என்றார். டாக்டர் கனிவாகத் தலையசைத்தார். பஞ்சம் நடந்து எண்பத்துநாலு வருஷம் ஆகியிருந்தது, அவர் கணக்கில் கிழவிக்கும் எண்பத்துநாலு. நல்ல உடம்புதான், ஆனால் அவர் தேடியது அது இல்லை.

இன்பத்துக்கு மனம் கேட்கவில்லை. அந்தக் கையும் காதும் தோலும் எண்பத்துநாலு இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. அடுத்த வாரம் பஸ் ஏறித் தனியாகப் போனாள். ஆட்கள் எல்லோரும் வேலைக்காட்டுக்கும் பட்டாசுக் கம்பெனிக்கும் போயிருந்த நேரம். வேலுத்தாய் வேலியோரம் உட்கார்ந்து கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். இன்பமும் பக்கத்தில் உட்கார்ந்து உடைத்தாள். பேச்சு எங்கெங்கோ சுற்றி மறுபடியும் பஞ்சத்தில் வந்து நின்றது.

கிழவி அவளை உற்றுப் பார்த்தாள். “நீ வேதக்காரிதான?”

“ஆமா ஆத்தா.”

“கிறிஸ்தவச்சி. எங்க சாதிசனத்துல ஒனக்குப் பொண்ணு கொடுக்கலு வாங்கலு ஒண்ணும் கெடையாது.”

“கெடையாது.”

“அப்போ ஒங்கிட்டச் சொல்லலாம்” என்று ஆரம்பித்தாள் வேலுத்தாய்.

பஞ்சத்தில் அவள் வயிற்றுப்பிள்ளை இல்லை. விவரம் தெரிந்த சிறுமி. பட்டினிக்காரர்களுக்குக் கஞ்சி ஊற்றிய விருதுபட்டிக் கஞ்சித் தொட்டிக்கு அவளையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு தாய் எங்கிருந்தோ நடந்து வந்தாள். எந்த ஊர், எத்தனை நாள் நடந்தார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. ஒரு புளியமரத்தடியில் அவளை உட்காரவைத்து, “இங்கன இரு, தம்பிக்குத் தண்ணி காட்டிட்டு வாரேன்” என்று போன தாய் திரும்பவில்லை. பாரம் இறக்கிவிட்டுத் திரும்பிய இந்த ஊர் வண்டிக்காரர் ஒருவர் அவளைத் தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு வந்தார். அவருடைய மகள் வாந்திபேதியில் செத்து மாதம்கூட ஆகவில்லை. செத்த பிள்ளையின் பெயர் வேலுத்தாய். அந்தப் பெயரையே இவளுக்கு வைத்தார்கள். பஞ்சத்தில் பாதி ஊர் காலியாகிக் கிடந்ததால் கேட்பாரில்லை. விஷயம் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். பெற்ற மகனுக்குக்கூட அவள் சொன்னதில்லை. பஞ்சத்தைப் பற்றி யார் கேட்டாலும் அப்போது தாய் வயிற்றில் இருந்ததாகவே சொல்லிவந்தாள்.

“என் பேரு வேற, தாயி” என்றாள். என்ன பெயர் என்று சொல்லவில்லை. கடலைத் தூசு படிந்த கையால் இன்பத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். “வெளிய விட்றாத.”

“விடமாட்டேன் ஆத்தா” என்றாள் இன்பம். அதை மனதாரத்தான் சொன்னாள்.

ஒரு மாதம் தாங்கினாள். சிவகாசியில் ஊர்ப் பெரியவர்கள் சேர்ந்து ஒரு கூட்டம் ஏற்பாடு செய்தார்கள். பட்டாசு முதலாளிகள், அச்சாபீஸ் முதலாளிகள் எல்லோரும் வருவதாக இருந்தது. டாக்டர் கண்டெடுத்த முதியவர்களை மேடையில் உட்காரவைத்து மாலை போடுவது என்று தீர்மானம். அதற்கு ஆள் பொறுக்கிக்கொண்டிருந்தபோது டாக்டர் அலுத்துப்போய், “இந்தப் பக்கத்துல உண்மையிலேயே தொண்ணூறு தாண்டின பொம்பளை ஒருத்தர்கூட இல்லை போலிருக்கே சிஸ்டர். நீங்களும் எவ்வளவோ அலைஞ்சு பார்த்துட்டீங்க” என்றார்.

ஆறுதலாகத்தான் சொன்னார். இன்பத்துக்கு அது ஆறுதலாகப் படவில்லை. “இருக்காங்க டாக்டர்” என்று வாய் தானாகச் சொன்னது. அப்புறம் கஞ்சித் தொட்டி, புளியமரம், வண்டிக்காரர், எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். அவர் கண் விரிந்துகொண்டே போனதை அவள் பார்த்துக்கொண்டே சொன்னாள். “அருமை சிஸ்டர். இதை என்னால கண்டுபிடிச்சிருக்கவே முடியாது” என்றார். இது ரகசியம் என்று மட்டும் அவள் சொல்லவில்லை. மறந்துபோய் விட்டதல்ல. சொன்னால் வேலுத்தாயை மேடைக்கு அழைக்காமல் விட்டுவிடுவாரோ என்ற பயம் நாக்கைப் பிடித்துக்கொண்டது. பின்னால் எத்தனையோ வருஷம் அவள் மனசு திரும்பத் திரும்ப வந்து நின்றது அந்த இடத்தில்தான்.

கூட்டத்தன்று சுடலையின் குடும்பத்தைப் பட்டாசுக் கம்பெனி வேன் ஒன்று ஏற்றிக்கொண்டு வந்தது. அவருடைய பேத்தி வள்ளித்தாய்க்குச் சம்பந்தம் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா தனுஷ்கோடியும் பெண் வீட்டுப் பெருமையைப் பார்க்க வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். வேலுத்தாய் புதுச்சேலையில், கழுத்துக் கொள்ளாத மாலையோடு மேடையில் இருந்தாள். இன்பம் அவளுக்குப் பின்னால் நின்றாள்.

டாக்டர் நன்றாகப் பேசினார். வயதை எப்படி உறுதிப்படுத்தினோம் என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே வந்தார். “இந்த அம்மாவைப் பாருங்க. தாது வருஷத்துல இவங்களைப் பெத்த தாயே கஞ்சித் தொட்டியில விட்டுட்டுப் போயிட்டாங்க. எந்த ஊரு, யாரு பெத்த பிள்ளைன்னு தெரியாத அநாதையா நின்ன குழந்தையை ஒரு வண்டிக்காரர் எடுத்து வளர்த்தாரு. அப்பவே இவங்களுக்குப் பத்து வயசு இருக்கும். அந்தப் பட்டினியில தப்பிச்ச உடம்பு இது” என்றார். குரல் தழுதழுக்கத்தான் சொன்னார். கூட்டம் கை தட்டியது.

முன்வரிசையில் தனுஷ்கோடி தட்டவில்லை. சுடலை தட்டுவதற்குத் தூக்கிய கையை அப்படியே வைத்திருந்தார். வேலுத்தாய் திரும்பி இன்பத்தைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் இன்பம் தாங்கியிருப்பாள். ஏதாவது தவறிப்போயிற்றா என்று கேட்பதுபோல் பார்த்தாள். இன்பம் குனிந்து, மாலையைச் சரி செய்வதுபோல் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

சம்பந்தம் நின்றுபோன செய்தி பத்து நாளில் ஆஸ்பத்திரிக்கு எட்டியது. எந்தச் சாதி ரத்தம் என்றே தெரியாத வீட்டில் பெண் எடுக்க மாட்டோம் என்று தனுஷ்கோடி சொல்லிவிட்டாராம். இன்பம் லீவு போட்டுவிட்டுப் போனாள். வாசலிலேயே சுடலை நின்றார்.

“வாங்க நர்சம்மா” என்றார். அந்த மரியாதை குறையவில்லை. “எங்க ஆத்தா இப்ப கெணத்துப் பக்கம் போறதில்ல. சோறு வச்சாத் தின்னுது, இல்லேன்னா கேக்கிறதில்ல. ஊருல எங்களப் பாத்தாப் பேச்ச நிறுத்துறாக. ஒங்களுக்கு நாங்க என்ன கெடுதல் செஞ்சோம்?”

இன்பம் தலைகுனிந்து அவரைத் தாண்டிப் போனாள். உள்ளே வேலுத்தாய் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். இன்பம் காலடியில் உட்கார்ந்து அழுதாள். கிழவி அவளை அழுது முடிக்க விட்டாள்.

“மன்னிப்புக் கேக்க வந்தியாக்கும்.”

“ஆமா ஆத்தா.”

“அது எனக்கு எதுக்கு. பிள்ள கலியாணம் நின்னு கெடக்கு.” மெல்லத் திரும்பினாள். “பொய்யின்னு சொல்லு. கெளவி அப்படிச் சொல்லவே இல்ல, டாக்டருகிட்ட நல்ல பேரு வாங்க நாந்தான் கட்டிச் சொன்னேன்னு சொல்லு. சொல்லுவியா?”

இன்பம் மறுநாளே தனுஷ்கோடி வீட்டுக்குப் போய்ச் சொன்னாள். அவர் விவரமான ஆள். முழுக்கக் கேட்டுவிட்டு, “இதை அந்த டாக்டர் முன்னால சொல்லுவீகளா?” என்று கேட்டார். சொல்கிறேன் என்றாள்.

சாத்தூரில் டாக்டர் தங்கியிருந்த பங்களாவுக்குத் தனுஷ்கோடியும் அவர் பங்காளி ஒருவரும் வந்தார்கள். இன்பம் நின்றுகொண்டே சொன்னாள். வேலுத்தாய் பஞ்சத்துக்குப் பின் அந்த ஊரிலேயே பிறந்தவள், கஞ்சித் தொட்டிக் கதை தன் கற்பனை, டாக்டர் மெச்சவேண்டும் என்பதற்காகச் சொன்னது என்றாள். கடைசியாகச் சொன்னது மட்டும் உண்மை என்பதால் அதைச் சொல்லும்போதுதான் அவள் குரல் உடைந்தது.

டாக்டர் மேஜைமேல் இருந்த நோட்டை மூடிவைத்தார். இவர் இன்னும் ஒரு கேள்வி கேட்டால் போதும், புரிந்துகொள்வார் என்று இன்பம் உள்ளூர ஏங்கினாள். கேட்டால் பதில் சொல்லக்கூடாது என்றும் அவளுக்குத் தெரியும். அவர் கேட்கவில்லை.

“நீங்க கொண்டுவந்த ஆள் அத்தனை பேரையும் நான் ஆராய்ச்சியிலிருந்து எடுத்தாகணும் சிஸ்டர். எதை நம்புறதுன்னு இனிமே எனக்குத் தெரியாது” என்று மட்டும் சொன்னார். ஒரு வருஷ அலைச்சல் அதோடு போயிற்று. அவர் வேறு நர்ஸை வைத்துக்கொண்டு திருநெல்வேலிப் பக்கம் போய்விட்டார் என்று பிறகு கேள்விப்பட்டாள்.

பெரிய டாக்டரம்மா அவளைக் கூப்பிட்டுக் கண்டித்து, மறுபடி பிரசவ வார்டுக்கே அனுப்பினார். கூட வேலை பார்த்தவர்கள் அவள் எதைச் சொன்னாலும் லேசாகச் சிரித்தார்கள். காய்ச்சல் எவ்வளவு என்று அவள் சொன்னால் இன்னொருத்தி வந்து திரும்பப் பார்ப்பாள். அது அவளுக்கு ஒருவகையில் சுலபமாக இருந்தது. செய்யாத குற்றத்துக்குத் தலைகுனிந்து நிற்பது பெரிய காரியமில்லை. செய்த குற்றத்தை யாரிடமும் சொல்ல வழியில்லாமல் போனதுதான் அவளைத் தின்றது. வேதக்கோயிலில் அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்துக்கு எல்லோரும் எழுந்து முன்னால் போகும்போது அவள் பெஞ்சிலேயே இருந்தாள். பாதிரி ஐயர் காரணம் கேட்டார். “மனசு சுத்தமில்ல ஐயா” என்றாள். பொய் சொன்னதற்காக வருந்துகிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டு, ஆண்டவர் மன்னிப்பார் என்றார்.

வள்ளித்தாயின் கல்யாணம் அந்த வைகாசியிலேயே நடந்தது. இன்பத்துக்கு அழைப்பில்லை. மறுவருஷம் மழைக்காலத்தில் வேலுத்தாய் இறந்தாள். ஏழாயிரம்பண்ணையிலிருந்து வந்த ஒரு நோயாளி பேச்சுவாக்கில் சொல்லித்தான் தெரிந்தது. கொட்டு மேளத்தோடு, வேட்டுப் போட்டு எடுத்தார்களாம். கிழவிக்கு நூற்றெட்டு வயது என்று ஊரார் சொன்னார்களாம்.

அறுபத்தைந்தில் ஒரு நாள் மத்தியானம், பிரசவ வலியோடு வள்ளித்தாயை மாட்டு வண்டியில் கொண்டுவந்தார்கள். தலைப்பிரசவம் வீட்டிலேயே நடந்திருந்தது. இது இரண்டாவது, பிள்ளை திரும்பிக் கிடந்தது. இன்பம் கையைக் கழுவிக்கொண்டு கட்டிலருகே போனாள். மாமியார்க்காரி, தனுஷ்கோடியின் பெண்டாட்டி, அவளை அடையாளம் கண்டுகொண்டாள்.

“இந்தம்மா வேண்டாம். இது பொய் சொல்ற நர்சு. வேற யாரையாவது கூப்பிடுங்க” என்றாள்.

வள்ளித்தாய் பல்லைக் கடித்தபடி இன்பத்தைப் பார்த்தாள். அவளுக்கு உண்மை தெரியும் என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. கிழவி சாவதற்குமுன் சொல்லியிருக்க வேண்டும். வள்ளித்தாய் அதைச் சொல்ல வாயைத் திறக்கப் போவதுபோல் இருந்தது. இன்பம் மெல்லத் தலையை ஆட்டி, வேண்டாம் என்றாள். வள்ளித்தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இன்பம் வெளியே வந்து செல்வமணி நர்ஸை உள்ளே அனுப்பிவிட்டு, நடையில் சுவரோரமாக நின்றாள். உள்ளே செல்வமணி அவசரப்படுவது குரலிலேயே தெரிந்தது. “இடுப்பைக் கொஞ்சம் ஒசத்தி வைங்க சிஸ்டர், அவசரப்படாதீங்க” என்று இன்பம் கதவருகிலிருந்து மெதுவாகச் சொன்னாள். பிள்ளையின் அழுகைச் சத்தம் கேட்ட பிறகு, பக்கத்து வார்டில் மருந்து கொடுக்கும் நேரமாகியிருந்ததால் அங்கே போனாள்.