மோட்டார் போட்ட ஸ்ருதி

ஆறாவது படிக்கும்போது என் குரலைப் பற்றி எனக்கு ரொம்பப் பெரிய அபிப்பிராயம் இருந்தது. ஊரில் வேறு யாருக்கும் இல்லை, அது தனி விஷயம்.

மாமா, அதாவது அம்மாவின் தம்பி, கல்யாணக் கச்சேரிகளில் கிட்டார் வாசிப்பவர். பாடுகிறவர்களுக்குப் பின்னால் நிற்பதுதான் வேலை. காலேஜில் பிடித்த ப்ளூஸ் பைத்தியம் மட்டும் அவரை விடவில்லை. ஒரே வரியை இரண்டு தடவை சொல்லி, மூன்றாவதில் குத்துகிற அமெரிக்கச் சோகப் பாட்டு. அந்த மாதிரி எங்கள் பேராவூரணிப் பக்கத்துக்கு அவரே ஒன்று கட்டியிருந்தார்:

"கல்லணையில தண்ணி தொறந்தாச்சாம்... கல்லணையில தண்ணி தொறந்தாச்சாம்... கடைமடைக்கு வர வழிதான் மறந்துபோச்சாம்."

பொங்கல் விழா மேடையில், வாழ்க்கையில் முதல் தடவையாக, முன் மைக்கில் நின்று அவர் அதைப் பாடுவதாக ஏற்பாடு. நான் அழுது அடம்பிடித்து ஒரு சரணம் வாங்கினேன்.

அங்கேதான் சிக்கல். அவர் குரலுக்குச் சுருதி மூணு கட்டை. அதில் கீழ் வரிகள் எனக்கு வெறும் காற்றாக வந்தன. ஒரு ஸ்தாயி ஏற்றினால் கீச்சென்றது.

"கத்திப் பாடுனா சரியாயிடும்ல மாமா?"

"கத்துனா காக்காதான் வரும். உக்காரு."

தோப்பு மோட்டார் கொட்டகையில்தான் ஒத்திகை. ஒருநாள் நான் பாடிக்கொண்டிருக்கும்போதே த்ரீ பேஸ் கரண்ட் வந்து மோட்டார் ஓட ஆரம்பித்தது. நான் நிறுத்தவில்லை. மாமாதான் வாசிப்பை நிறுத்திவிட்டுக் காதைச் சாய்த்தார்.

"ஏய், மோட்டாரோட சேந்து பாடுற நீ! அது அஞ்சு கட்டைல ரீங்காரம் போடுது."

தந்திகளை மொத்தமாக அழுத்திப் பிடிக்கும் கேப்போ என்கிற கிளிப்பைக் கிட்டார் கழுத்தில் மாட்டி, சுருதியை அஞ்சுக்கு ஏற்றினார். பாட்டு என் தொண்டைக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது.

அடுத்து, அதே அஞ்சு கட்டையில் அவர் சரணம். உச்சியில் குரல் பிளந்தது. மறுபடி எடுத்தார், மறுபடி பிளந்தது.

"மாமா, காக்கா வருது!"

அவரும் சிரித்தார். நடுப்பாட்டில் கட்டை மாற்ற முடியாது, ஏதாவது ஒன்றுதான். கேப்போவைக் கழற்றக் கை போனது. என்னைப் பார்த்தார். கையை எடுத்துவிட்டார்.

"தொண்டை கட்டிருக்கு பாப்பா. முழுசும் நீயே பாடிடு."

அம்மா தினமும் மிளகுப் பால் போட்டுக் கொடுத்தாள். அவரும் சளைக்காமல் குடித்தார்.

மேடையில் நான் பின்னி எடுத்தேன். விசில் பறந்தது. மாமா எனக்குப் பின்னால், வழக்கமான இடத்தில் நின்று வாசித்தார்.

திரும்பும்போது அவர் பைக்கில் பின்னால் உட்கார்ந்திருந்தேன். வாய்க்கால் ரோட்டில் ஆள் இல்லை. மாமா அந்தப் பாட்டை முழுசாகப் பாடிக்கொண்டே வண்டி ஓட்டினார். மூணு கட்டையில், ஒரு பிசிறில்லாமல்.

அவர் முதுகைத் தட்டிச் சொன்னேன்: "பாத்தீங்களா மாமா, மிளகுப் பால் வேலை செஞ்சிருச்சு!"