பொரியின் கூண்டுக்கு எந்தப் பூச்சு?

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு எலியின் உயிருக்காகப் பகல் முழுக்கக் கவலைப்பட்டேன்.

எலி என்றால் அடுப்படியில் ஓடுகிற எலி இல்லை. ஹேம்ஸ்டர். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். வால் இருக்கிறதா என்று தேடித்தான் பார்க்க வேண்டும். என் மகள் பவித்ரா சென்னையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், தனியாக இருக்க முடியவில்லை என்று வாங்கியது. பெயர் பொரி. நிறம் அப்படி. பிறகு அவள் மாறிப்போன ஹாஸ்டலில் பிராணிகளுக்கு அனுமதி இல்லை. தீபாவளிக்கு ஊருக்கு வந்தவள், ஒரு சின்னக் கம்பிக் கூண்டை எங்கள் ஹால் மேஜையில் வைத்தாள். திரும்பிப் போகும்போது அதை எடுத்துக்கொள்ளவில்லை.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும் – நான் பிராணிகளிடம் கொஞ்சுகிற ஆள் இல்லை. பூனையைப் பற்றி எழுதிய வாரம் வந்த கண்டனக் கடிதங்களை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். பொரிக்குத் தினமும் தண்ணீர் மாற்றினேன். கிண்ணத்தில் கொஞ்சம் தானியம் போட்டேன். அது பகலெல்லாம் தூங்கியது. எங்களுக்குள் சுமுகமான உறவு... ஒருவரை ஒருவர் தொந்தரவு செய்துகொள்வதில்லை.

இரண்டு மாதத்துக்கு முன்னால் பவித்ரா போனில் சொன்னாள். "அப்பா, அந்தக் கூண்டு அதுக்குப் பத்தாதுப்பா. கம்பியைக் கடிச்சே மூக்கைப் புண்ணாக்கிக்கிடும். மரத்துல பெருசா ஒண்ணு செஞ்சு போடுங்களேன்."

"செஞ்சாப் போச்சு."

"அதோட ஆயுசே ரெண்டு வருஷம்தான். ஒரு வருஷம் முடிஞ்சிட்டு. மிச்சம் இருக்கிறதையாவது நல்லா இருந்துட்டுப் போகட்டும்."

சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் அன்றைக்கே பென்சிலை எடுத்து வரைபடம் போட உட்கார்ந்தேன்.

மரக்கூண்டு செய்வது பெரிய காரியமா? கோமதிநாயகம் அண்ணாச்சி இருக்கிறார். எங்கள் வீட்டு ஜன்னல், கதவு, அலமாரி எல்லாம் அவர் கைவேலை. வரைபடம் என் வேலை, பலகை அறுப்பது அவர் வேலை, ஆணி அடிப்பது இருவரும் என்று பேசிக்கொண்டோம். தாலுகா ஆபீசில் இத்தனை வருஷம் பேனா பிடித்த கை, ரிட்டயர் ஆன பிறகாவது சுத்தியல் பிடிக்கட்டுமே.

முதல் சிக்கல் மரத்தில் வந்தது.

"வேம்புல செஞ்சிருவோம் சார். பூச்சி அண்டாது" என்றார் அண்ணாச்சி.

பவித்ராவிடம் கேட்டேன். வேம்பு வேண்டவே வேண்டாம் என்றாள். பூச்சி அண்டாத மரத்தை அது கடித்தால் என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியும்? அதுவும் நியாயம்தான். கடைசியில் வாசுதேவநல்லூர் பக்கம் ஒரு தோப்பில் விழுந்த மாமரம் கிடைத்தது. மா என்றால் பயமில்லை என்று மகள் பச்சைக்கொடி காட்டினாள்.

"மாம்பலகையா?" என்று அண்ணாச்சி ஒரு நிமிஷம் யோசித்தார். "சரி... நீங்க சொன்னாச் சரிதான்." அந்த யோசனையை நான் கவனித்திருக்க வேண்டும்.

அடுத்த சிக்கல் பூச்சு. மரத்தை அப்படியே விட்டால் மூத்திரம் ஊறி நாற்றமெடுக்கும். வார்னிஷ் அடித்தால் அதைச் சுரண்டித் தின்னும். பவித்ரா வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் அனுப்பினாள். தின்னர் கலந்த எதுவும் கூடாது. வாடை வீசும் எதுவும் கூடாது. 'பல் படும் இடம்' என்று தனியாக ஒரு தலைப்பு. அரசாங்க உத்தரவுகூட இத்தனை தெளிவாக வந்து நான் பார்த்ததில்லை.

ஊரில் இரண்டு மூன்று ஹார்டுவேர் கடைகளில் ஏறி இறங்கினேன். எலி கடிக்கிற மரம் என்று ஆரம்பித்தாலே, கடைக்காரர் கை நேராக ஒரு அலமாரிக்குப் போகிறது. எலி கேக். பசை அட்டை. பலகையில் தடவி வைத்தால் எலி கிட்டவே வராத ஏதோ ஒரு டப்பா. கடித்தாலும் சாகக் கூடாது என்பது என் கேள்வி. கடித்தால் சாக வேண்டும் என்பதற்கு மட்டும்தான் அவர்களிடம் பதில் இருந்தது. எலியை ஒழிக்க இத்தனை வழி கண்டுபிடித்திருக்கிறோம், ஒரு எலியைக் காப்பாற்ற ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

என் மனைவி இதைக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "விஷப்பூச்சி வீட்ட விட்டுப் போகணும்னு பாம்பு, தேள் உருவம் போட்ட வெள்ளித் தகடு வாங்கிக் கோயில் உண்டியல்ல போடுத ஊரு இது. நீங்க எலி இருக்கணும்னு அலையுதிய."

கடைசியாகப் போன கடையில் இருந்தவர் கடையநல்லூர் பாய் ஒருவர். பாய் துபாயில் பதினோரு வருஷம் ஒரு ஃபர்னிச்சர் கம்பெனியில் பெயின்ட் அடித்தவர். நான் சொன்னதைச் சிரிக்காமல் கேட்டார்.

"அங்கன சின்னப் பிள்ளைக பள்ளிக்கூடத்துக்கு மேசை நாற்காலி செய்வோம். பிள்ளைக அதைக் கடிக்கும், நக்கும். அதுக்குன்னே தண்ணியில கரைக்குத நெறமில்லாத பூச்சு, கிளியர் கோட்னு இருக்கு. வரவழைச்சுத் தாரேன். ஆனா ஒண்ணு அண்ணாச்சி... காஞ்சது வேற, பக்குவமானது வேற. தொட்டா ரெண்டு மணி நேரத்துல ஒட்டாது. அதை நம்பி உள்ள விட்றாதிய. மூணு வாரம் காத்தாட வைங்க. பொறவு மூக்கை வச்சு மோந்து பாருங்க. ஏதாச்சும் வாசம் வந்துச்சுன்னா இன்னும் ஒரு வாரம்."

"பலகை முழுக்க அடிக்கவா?"

"எதுக்கு? ஈரம் படுத அடிப்பலகைக்கு மட்டும் போதும். கடிக்குத இடம் வெறும் மரமாவே இருக்கட்டும். நான் சொல்லுததைக் கேட்டா, அடியில ஒரு டைல்ஸைப் போட்டுட்டுப் பூச்சே இல்லாம விட்டுருவேன்."

மனிதர் வியாபாரத்தையே கெடுத்துக்கொண்டு சொன்னார். நான் கேட்கவில்லை. எனக்குப் பளபளப்பு வேண்டியிருந்தது. மகள் வந்து பார்த்து, 'நீங்களா செஞ்சீங்க?' என்று கேட்க வேண்டும் என்ற ஆசை. எலிக்குப் பளபளப்பு எதற்கு என்று அப்போது யாராவது கேட்டிருக்கலாம்.

அண்ணாச்சி அறுத்து இழைத்துத் தந்த பலகைகளை ஆணி அடித்துப் பூட்டினோம். அடிப்பலகைக்கு மூன்று கை கிளியர் கோட் அடித்தேன். மூன்று வாரம் மொட்டை மாடியில் நிழலில் வைத்தேன். தினமும் காலையில் கூண்டுக்குள் தலையை விட்டு மோந்து பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர் முதலில் கவலையாகப் பார்த்தார், பிறகு பார்ப்பதை நிறுத்திவிட்டார். நான்காவது வாரமும் காத்திருந்தேன். ஒரு வாசமும் இல்லை. பவித்ரா திங்கட்கிழமை காலை ரயிலில் வருவதாகச் சொன்னாள். ஞாயிறு காலையில் பொரியைப் புதுக் கூண்டில் விட்டேன்.

அது ஒரு சுற்றுச் சுற்றியது. மோந்து பார்த்தது. பிறகு வாசல் விளிம்பில் உட்கார்ந்து மரத்தைக் கடிக்க ஆரம்பித்தது. பகலில் அது விழித்திருந்து நான் பார்த்ததே அன்றைக்குத்தான். நானும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

அரை மணி நேரம் இருக்கும். வேலையைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று கோமதிநாயகம் அண்ணாச்சி வந்தார். குனிந்து பார்த்தார். முகமெல்லாம் திருப்தி.

"எப்படி உழைக்கும்னு பாருங்க சார். இருபது வருசத்துக்கு ஒண்ணும் ஆகாது."

"மாம்பலகைதானே அண்ணாச்சி?"

"மாம்பலகையத்தான் கரையான் தேடி வரும். அதுக்குத்தான் இழைச்ச கையோட எல்லாப் பலகைக்கும் மருந்து ரெண்டு கோட்டு அடிச்சுட்டேன். பழைய மருந்து மாதிரி இல்ல சார், வாசமே வராது."

உள்ளே பொரி கடித்துக்கொண்டிருந்தது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். சங்கரன்கோவிலில் புற்றுமண்தான் கோயில் பிரசாதம். புற்றைக் கும்பிடுகிறோம். புற்றைக் கட்டிய கரையானுக்கு வீடு வீடாக மருந்து அடிக்கிறோம். மருந்து அடிக்காத பலகையைத் தச்சர் தர மாட்டார், வீட்டுக்காரரும் வாங்க மாட்டார். அதை யாரும் கேட்பதுமில்லை, சொல்வதுமில்லை. சாம்பாருக்கு உப்புப் போட்டீர்களா என்று எந்த விருந்தாளி கேட்கிறார்? மேலே என்ன பூசுவது என்று ஊரெல்லாம் விசாரித்தேன். உள்ளே என்ன இறங்கியிருக்கிறது என்று ஒரே ஒரு ஆளிடம் கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை.

பொரியைத் தூக்கிப் பழைய கம்பிக் கூண்டில் போட்டேன். அண்ணாச்சிக்கு விஷயம் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"கடிக்கும்னு சொன்னியளே சார்... கடிச்சா மரம் வீணாப் போயிருமேன்னுதான் நான் நெனச்சேன், இதுக்கு ஆகாதுன்னு தோணலையே" என்றார்.

கால்நடை டாக்டருக்குப் போன் போட்டேன். மாடு, ஆடு, நாய் பார்ப்பவர். ஆனாலும் பொறுமையாகக் கேட்டார். ஈரத்துணியால் கால்களையும் வாயையும் துடைக்கச் சொன்னார். மருந்தின் பெயரைக் கேட்டார். டப்பாவை எடுத்து வர அண்ணாச்சி சைக்கிளில் பறந்தார். வந்ததும் பெயரைப் படித்துச் சொன்னேன். நடுக்கம், எச்சில் ஒழுகுதல், தின்னாமல் இருத்தல் – மூன்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே கொண்டு வரச் சொன்னார். மறுநாள் காலையைத் தாண்டிவிட்டால் பயமில்லை என்றார்.

பவித்ராவிடம் சொல்வதா வேண்டாமா? கூண்டு இன்னும் காயவில்லை என்று ஒரு பொய் சொன்னால் போதும். ஊரில் யாருக்கும் தெரியாது. பொரியும் சொல்லப்போவதில்லை. ஆனால் நடுங்கினால் அது குளிரா, பயமா, மருந்தா என்று எனக்கு எப்படித் தெரியும்? இத்தனை மாதம் தண்ணீர் மாற்றியதைத் தவிர அதைப் பற்றி நான் என்ன தெரிந்துகொண்டேன்?

போன் போட்டேன். முழுக்கச் சொன்னேன்.

"எவ்வளவு கடிச்சிருக்கும்?"

"வாசல் ஓரத்துல ஒரு நகக்கண் அளவு. தரையில தூள் கிடக்கு."

"தூள் கிடந்தா துப்பியிருக்குதுப்பா. முழுங்கியிருந்தா கிடக்காது." பிறகு கேட்டாள்: "அப்பா, உங்க குரல் ஏன் ஒருமாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல. மாடிப்படி ஏறினேன்."

நான் ஹாலில்தான் இருந்தேன். பயந்துபோயிருந்தேன். ஒரு உள்ளங்கை ஜீவனுக்காக.

அன்றைக்குப் பகல் முழுக்கக் கூண்டுக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். கோயிலுக்குப் போய்விட்டு வந்த என் மனைவி ஒரு சிட்டிகை புற்றுமண்ணைக் கொண்டுவந்து கூண்டின் மேல் வைத்துவிட்டுப் போனாள். நான் எதுவும் கேட்கவில்லை. சாயங்காலம் பொரி எழுந்தது. கிண்ணத்துக்குப் போய் தானியத்தை எடுத்துக் கன்னத்தில் அடக்கியது. இரண்டு கன்னமும் புடைக்கிற வரைக்கும் அடக்கியது. நான் போய்க் காபி குடித்தேன்.

திங்கட்கிழமை காலை ரயிலில் பவித்ரா வந்தாள். செருப்பைக் கழற்றாமல் நேராக மேஜைக்குப் போனாள். பொரி தூங்கிக்கொண்டிருந்தது. தொட்டாள். திரும்பிக்கொண்டு மறுபடி தூங்கியது. அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

புதன்கிழமை கோமதிநாயகம் அண்ணாச்சி ஒரு கூண்டோடு வந்து நின்றார். யாரும் கேட்கவில்லை. அதே மாமரத்தில் மிஞ்சிய பலகை. மருந்து இல்லை, பூச்சு இல்லை, பளபளப்பு இல்லை. அடியில் ஏதோ வீட்டு வேலையில் மிஞ்சிய வெள்ளை டைல்ஸ் ஒன்று. பாய் சொன்னதும் இதைத்தானே?

"ஒண்ணும் பூசலம்மா. வெறும் மரம்" என்று பவித்ராவிடம்தான் சொன்னார். என் பக்கம் பார்க்கவில்லை.

"கரையான் வருமே அண்ணாச்சி?" என்றேன்.

"வரத்தான் செய்யும் சார். ஒண்ணரை வருசம் தாங்கும், மிஞ்சிப்போனா ரெண்டு." பொரியைக் குனிந்து பார்த்தார். "இதுக்கு இன்னும் ஒரு வருசம்தான்னு அன்னைக்கு நீங்கதானே சொன்னிய. அது போன பொறவு மரம் மட்டும் இருந்து என்னத்துக்கு?"

பவித்ரா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நானும்தான்.

முதலில் செய்த கூண்டு இப்போது மொட்டை மாடியில் கிடக்கிறது. இருபது வருஷத்துக்கு அதற்கு ஒன்றும் ஆகாது. குடியிருக்கத்தான் ஆள் கிடையாது.