அம்சா போட்ட ஓட்டை

சூரனோடு சண்டை முடித்து வந்த முருகன் கோபம் தணிந்து உட்கார்ந்த மலை என்று திருத்தணியைச் சொல்வார்கள். அந்த மலையடிவாரத்தில், நெசவாளர் தெருவில், நாற்பத்தாறு வருஷமாகக் கோபம் தணியாத ஒருத்தி இருக்கிறாள். பெயர் அம்சா. மட்டமான நூலைத் தலையில் கட்டிய ஏஜெண்டைத் தறிக்கொட்டகைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, பஸ் பிடித்துத் திருவாலங்காட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போய், பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு, தாம்பூலமும் வாங்கிக்கொண்டு வந்து கதவைத் திறந்துவிட்டவள் அவள். அன்றிலிருந்து அந்த ஏஜெண்டு அவள் வீட்டுக்கு நூலை இரண்டு தடவை பார்த்துத்தான் அனுப்புகிறான்.

அத்தை மகன் கதிரவனை அவளுக்குப் பத்தொன்பது வயதில் கட்டிவைத்தார்கள். அவன் பரம சாது. தறி மெக்கானிக். எந்த ஊர்த் தறி நின்றாலும் ஸ்பானரோடு போய் நிற்பான். வீட்டிலும் இரண்டு பவர்லூம் உண்டு. அவற்றை ஓட்டுவது அம்சா. அவள் கத்தினால் அவன் கொட்டகைப் பக்கம் போய்விடுவான். போய் உட்கார அங்கே ஒரு கார் இருந்தது. அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

கனகம்மாசத்திரத்தில் ஒரு வைக்கோல் கொட்டகையில், கோழி அடைகாத்துக்கொண்டிருந்த நிலையில் கிடைத்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு அது. இரண்டே கதவு, மடக்குத் துணிக் கூரை. முன்பக்கம் முழுவதும் மட்கார்டோடு சேர்ந்து முன்னால் கவிழ்ந்து திறக்கும். சோழவரம் பந்தயத்தில் ஓடிய வண்டி என்று விற்றவன் சொன்னான். கதிரவன் நம்பினான். ஒன்பது வருஷம் அதைக் கட்டிக்கொண்டு அழுதான். ஒரு கதவுக் கைப்பிடிக்காக மதுரை வரை போனான். துருப்பிடித்த அடித்தளத்தை வெட்டி எடுத்து, பழைய தகட்டை அளவுக்கு வைத்துப் புதுத் தகடு அடித்தான். மாருதி இன்ஜின் போட்டால் பறக்கும் என்று யோசனை சொன்ன ஒருவனை, வாழ்க்கையில் முதல் தடவையாக, ஸ்பானரைத் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை துரத்தினான். "கம்பெனிக்காரன் எங்க ஓட்டை போட்டானோ அங்கதான் ஓட்டை இருக்கணும். புதுசா ஒண்ணு போட்டா அது வேற வண்டி" என்பான்.

போன சித்திரையில் இன்ஜின் ஓடியது. ஓடிய சந்தோஷத்தில் வேண்டிக்கொண்டான். வண்டி கிடைத்த கனகம்மாசத்திரத்திலிருந்து ஆடிக்கிருத்திகைக்குக் காவடி எடுத்து மலைக்கு நடந்து வருவதாக. காவடி என்றால் செருப்பு கிடையாது. நாற்பத்தெட்டு நாள் விரதம், ஒருவேளைச் சாப்பாடு. அவனுக்கு எட்டு வருஷமாகச் சர்க்கரை. வெறும் வயிற்றில் மாத்திரை ஆகாது என்று அதையும் நிறுத்தினான். அம்சா கத்தினாள். அவன் கொட்டகைக்குப் போய் உட்கார்ந்துகொண்டான்.

ஆடி வெயிலில் தார் இளகிக் கிடந்தது. அவ்வளவு தூரமும் நடந்து, படியும் ஏறி இறங்கி வந்த பிறகு பார்த்தால், இடது உள்ளங்கால் தோல் உரிந்து தொங்கியது. கதிரவன் சிரித்தான்.

"பாத்தியா அம்சா, துளிகூட வலியே இல்ல. எல்லாத்தையும் அவன் வாங்கிக்கினான்."

சர்க்கரையில் கால் மரத்துப்போய் நாளாகியிருந்தது. அதை அருள் என்று எடுத்துக்கொண்டார்கள். தெருவே எடுத்துக்கொண்டது. எதிர்வீட்டுத் தாயம்மாள் வந்து அவன் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவளைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் வந்தார்கள். புண்ணுக்கு மலைமேல் கொடுத்த விபூதியைக் குழைத்துத் தடவினார்கள். பதினொன்றாம் நாள் காய்ச்சல் கண்டு சென்னைக்குக் கொண்டு போனபோது, முட்டிக்குக் கீழே எடுத்தால்தான் உயிர் என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பதினோரு நாளைப் பற்றி அம்சா யாரிடமும் பேச மாட்டாள்.

வீட்டுக்கு வந்த கதிரவன் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். நாலு மாதம் அப்படியே கிடந்தான். முட்டிக்கு அடியில் தலையணை வைத்து மடக்கியே வைத்திருந்தான். அதுதான் ஆபத்து. மடங்கியே கிடந்தால் முட்டி இறுகிவிடும், அப்புறம் நீட்ட வராது, நீட்ட வராத காலுக்குச் செயற்கைக்கால் மாட்ட முடியாது என்று டாக்டர் விரல் நீட்டிச் சொல்லி அனுப்பியிருந்தார். அளவெடுக்க வரச்சொன்ன தேதி இரண்டு தப்பிப்போயிற்று. கெஞ்சிப் பார்த்தாள். திட்டிப் பார்த்தாள். தலையணையைப் பிடுங்கி வீசினாள். மறுபடி அவன் எடுத்து வைத்துக்கொண்டான்.

மூன்றாவதாகக் கொடுத்த தேதிக்கு ரயில் ஏற ஒரே நாள்தான் இருந்தது. அன்று காலையில் வேலூரிலிருந்து ஒருத்தர் காரை விலைக்குக் கேட்டு வந்தார். அம்சா உள்ளே போய்ச் சொன்னாள். அவன் சுவரைப் பார்த்தபடியே, "குட்து அனுப்பு" என்றான்.

அவளுக்கு உச்சந்தலை வரை சுறுசுறுவென்று ஏறியது. ஒன்பது வருஷம் இவளுக்கு ஒரு புடவை எடுக்கக்கூட நேரமில்லாமல் அந்த இரும்பைத் தேய்த்தவன், அதற்காகக் காலையே கொடுத்தவன், குட்து அனுப்பு என்கிறான். இதற்கா இத்தனை பாடு? வந்தவரை வாசலோடு அனுப்பிவிட்டு, அரக்கோணம் ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் சேட்டுவைக் கூட்டி வந்தாள். ஒன்பது வருஷமும் கதிரவனுக்குக் கூடமாட இருந்தவன் அவன்.

"இடது கால் இல்லாம இத ஓட்டணும். இன்னா பண்ணணுமோ பண்ணு."

சேட்டு காரைச் சுற்றி வந்தான். "பண்லாம்க்கா. கியர் ராட்ல ஒரு பைக் லீவர கட்டி, ஒயர் இழுத்து கிளட்ச் பெடல்ல கோத்தா, கையாலயே கிளட்ச் புடிக்கலாம். ஆனா ஒயர் திரும்ப ஒரு கப்பி வெக்கணும். அதுக்கு தளத்துல ஓட்டை போடணும்."

"போடு."

"அண்ணன் என்னைக் கொன்னுடுவாருக்கா."

"கொல்றதுக்கு எழுந்து வரட்டும்."

சேட்டு லீவரையும் ஒயரையும் மாட்டினான். ஓட்டை போடும் இடத்துக்கு வந்ததும் ட்ரில்லைக் கீழே வைத்துவிட்டான். அம்சா எடுத்தாள். பக்கத்தில் இரண்டு தறியும் ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் இது உள்ளே கேட்காது. போய்த் தறிகளை நிறுத்திவிட்டு வந்தாள். பிறகு காருக்குள் மண்டியிட்டு, அவன் ஆறு மாதம் அடித்து நிமிர்த்திய அந்தத் தகட்டில் ட்ரில்லை வைத்து அழுத்தினாள்.

இரும்பு கிறீச்சிட்டது. அவளுக்கு அது நன்றாக இருந்தது. உன்னாலதானே, உன்னாலதானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள். சூடான சுருள் தெறித்துக் கையில் பட்டதும் தெரியவில்லை. முதல் ஓட்டை விழுந்தது. இரண்டாவதற்கு வைத்தாள்.

"இன்னா சத்தம்?" உள்ளேயிருந்து கதிரவன் குரல். அவள் ட்ரில்லை இன்னும் அழுத்தினாள்.

"சேட்டு! இன்னாடா அங்க?"

சேட்டு வாயைத் திறந்தான். அம்சா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான். ஏதோ உருண்டு விழுந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்தனுப்பிய வாக்கர் தரையில் இடிக்கும் சத்தம், நின்று நின்று, கொட்டகை வாசல் வரை வந்தது. நாலு மாதமாகக் கக்கூசுக்குக்கூடத் தூக்கிக்கொண்டு போகவேண்டியிருந்த மனுஷன் வேட்டி அவிழ வந்து நின்றான். முகமெல்லாம் வியர்வை.

"யாரக் கேட்டுடி ஓட்டை போட்ட?"

அந்தக் குரலை அவள் கேட்டதே இல்லை. சாதுவின் குரல் இல்லை அது.

"யாரக் கேக்கணும்? குட்து அனுப்பச் சொன்னவனயா கேக்கணும்?"

"அது கெட்டுப்போச்சு! நாசம் பண்ணிட்ட! ஒம்போது வருசம்டி! அறிவு கீதா உனக்கு? கோவம் வந்தா கண்ணு தெரியாதா?"

"தெரியாதுய்யா. தெரிஞ்சிருந்தா..." அம்சா ட்ரில்லைக் கீழே போட்டாள். அதற்குமேல் அவளால் அடக்க முடியவில்லை. "தெரிஞ்சுதே! நாலாவது நாளே தெரிஞ்சுதே பாவா! விபூதி தடவச்சொல்லோ பாத்தேன். சுண்டுவிரல் கறுத்துப் போயிருந்தது. நாத்தம் வந்துது. அன்னைக்கே உன்னை இட்டுனு போயிருந்தா ஒரு விரலோட போயிருக்கும். ஊரே உன் கால்ல வுழுந்துகினு இருந்துது. எனக்குப் பெருமையா இருந்துது. ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போனா அல்லாரும் சிரிப்பாங்களேன்னு வாய மூடிகினு இருந்தேன். உன் கால நான்தான் எடுத்தேன். போதுமா? இப்ப சொல்லு, ஓட்டை போட்டதா பெரிசு?"

சேட்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கதிரவன் வாக்கரைப் பிடித்தபடி நின்றான்.

"மூணாவது நாளு" என்றான்.

"இன்னா?"

"நான் மூணாவது நாளே பாத்துட்டேன். நீ பாக்கக்கூடாதுன்னு விபூதிய இன்னும் கொஞ்சம் அள்ளி அப்பிக்கினேன். எனக்கும் நல்லாதான் இருந்துது. அல்லாரும் வந்து கும்புட்டது."

இதைக் கேட்டதும் அம்சாவுக்கு ஆறுதல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நாலு மாதம். ஒவ்வொரு தடவை கட்டுப் பிரிக்கும்போதும், நான்தான் நான்தான் என்று தனியாகச் செத்துப் பிழைத்திருக்கிறாள். இவன் தெரிந்தே சுவரைப் பார்த்துப் படுத்திருந்திருக்கிறான். இத்தனை வருஷமும் அவள் பட்ட கோபமெல்லாம் ஒன்றுமில்லை. அன்றைக்குத்தான் அவளுக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. கத்தக்கூட வரவில்லை.

"ஏறு" என்றாள்.

"எங்க?"

"வண்டிலதான். ஓட்டை சரியா வுழுந்துகீதா பாரு. ஏறு."

சேட்டு தாங்கிப் பிடிக்க, அவன் சீட்டில் சரிந்து உட்கார்ந்தான். கை தானாகப் போய் கியர் ராடைப் பிடித்தது, லீவரை அழுத்தியது. முகம் சுளித்தான். "இன்னாடா சேட்டு, பைக் லீவரா? இந்தக் கிளட்ச்சுக்கு ஒரு மாசம் தாங்காது. தறி ஹேண்டில் நீளத்துக்கு வேணும்டா. கப்பியும் ரெண்டு விரக்கட தள்ளி வந்திருக்கணும். மாடு மேய்க்கிறவன்கூட ஒழுங்கா போட்டிருப்பான்."

"நான் போடலண்ணே" என்றான் சேட்டு.

ஹெரால்டில் காலை மடக்கிக்கொண்டு உட்கார இடமில்லை. ஸ்டீயரிங்குக்கு அடியில் நீட்டினால்தான் கதவை மூட முடியும். வாசல் பக்கம் திரும்பிச் சரிந்திருந்ததால், மடங்கிய முட்டி கதவுக்கு வெளியே துருத்திக்கொண்டு நின்றது. அம்சா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நாளைக்கு ஏழு மணி ரயிலு. கால் அளவெடுக்க. வர்ல, இன்னும் பத்து ஓட்டை போடுவேன். சாமி சத்தியமா போடுவேன். உள்ள இழு கால."

"நீட்ட வர்லடி."

"நீட்டு."

அவள் கதவை மூடத் தொடங்கினாள். அவன் இரண்டு கையாலும் தொடையைப் பிடித்து அமுக்கினான். வாயில் வராத கெட்ட வார்த்தையெல்லாம் வந்தது. அவளைத் திட்டினான், அவள் நைனாவைத் திட்டினான், மலைமேல் இருப்பவனையும் விடவில்லை. அவளும் ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே, அங்குலம் அங்குலமாகக் கதவைத் தள்ளினாள். கண்ணில் தண்ணீர் ஓடியதை இரண்டு பேருமே துடைக்கவில்லை.

கதவு மூடிக்கொண்டது.