சீட்டில் விழுந்த குழி

சீட்டக்கா என்றதும் மாதாமாதம் சீட்டுப் பிடிக்கிறவள் என்று நினைத்துவிட வேண்டாம். கார்களுக்கு சீட் தைக்கிறவள். டிரைவர் சீட்டின் உறையைக் கழற்றிவிட்டால் போதும், ஓட்டுகிறவரின் வண்டவாளம் அத்தனையும் அவளுக்குத் தெரிந்துவிடும். உள்ளே இருக்கும் ஃபோமில் ஆளுக்கொரு குழி விழுந்திருக்கும். இவர் பின் பாக்கெட்டில் தடிமனான பர்ஸ் வைத்திருப்பவர், இவருக்கு மூலம், ஆனால் செத்தாலும் வெளியே சொல்லமாட்டார், இவர் வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பி வண்டிக்குள்ளேயே குறட்டை விடுகிறவர் என்று தடவிப் பார்த்தே சொல்வாள். வண்டிக்காரர்கள் அசடு வழிவார்கள். அவள் சிரித்துக்கொண்டே தடவிக்கொண்டிருப்பாள். எதற்காக அப்படித் தடவுகிறாள் என்பது அந்தத் தெரு முழுக்கத் தெரியும், யாரும் அவள் முகத்துக்கு நேரே பேசுவதில்லை. காணாமல் போன தன் புருஷனின் குழியை அவள் தேடிக்கொண்டிருந்தாள்.

புருஷன் டாக்ஸி ஓட்டியவர். ஆள் குள்ளம். சீட்டை முன்னால் தள்ளித் தள்ளி, கடைசியில் நெஞ்சு ஸ்டியரிங்கில் முட்ட உட்கார்ந்திருப்பார். "வண்டியை ஓட்டுறீங்களா, மோந்து பாக்குறீங்களா?" என்று அவள் கேட்காத நாளில்லை. ஒரு விபத்தில் அவருடைய இடது கால் கொஞ்சம் குட்டையாகிவிட, உடம்பு எப்போதும் இடது பக்கமே சாயும். இடுப்பு வலி பிராணனை வாங்கியது. அவள் ஒரு நாள் சீட்டைப் பிரித்து, ஃபோமின் இடது பக்கத்தில் பிளந்து, மகளின் பழைய நீலப் பள்ளிக்கூடச் சட்டையைச் சுருட்டி உள்ளே திணித்து, சொல்யூஷன் போட்டு ஒட்டிக்கொடுத்தாள். அதற்குப் பிறகு வலி போன இடம் தெரியவில்லை.

குடும்பமாகப் போனால் முன் சீட் மகளுக்குத்தான், அதில் பேச்சே கிடையாது. சீட்டக்கா பின்னால் இடது ஓரத்தில் உட்காருவாள். அவர் தலைக்கு மேல் இருக்கும் கண்ணாடியை, பின்னால் வரும் வண்டி தெரியாமல் போனாலும் பரவாயில்லை என்று, அவள் முகம் தெரியும்படித் திருப்பி வைப்பார். "அப்பா, ரோட்டைப் பாருப்பா" என்று மகள் மானத்தை வாங்குவாள்.

"டயர்ல காத்து கம்மியா இருக்கு, அடிச்சுட்டு வந்துடுறேன்" என்று ஒரு காலையில் கிளம்பினார். அவ்வளவுதான். ஆளும் இல்லை, காரும் இல்லை. போலீஸ் தேடியது, உறவுகள் தேடின, பிறகு ஒவ்வொருவராக ஓய்ந்தார்கள். வேறு பொம்பளை என்றார்கள் சிலர். அப்படிச் சொன்னவர்களின் வண்டியை அவள் இன்றுவரை தொடுவதில்லை. எட்டு வருஷம் ஓடிவிட்டது. எங்கேயோ ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறார், என்றைக்காவது ஒரு சீட்டில் அந்தக் குழி வரும், பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும் என்பது அவள் நம்பிக்கை.

அவர் ஓட்டியது ஜப்பான் கார். அதன் மூக்கில் ஊசிக் காது போல ஒரு வளையமும் கோடும் இருக்கும், அதனால் இந்தப் பக்கத்தில் அதற்கு ஊசிக் கார் என்றே பெயர். அவள் மிதிக்கும் தையல் மெஷினிலும் அதே முத்திரைதான். இரண்டும் ஒரே கம்பெனி. எதிர்க் கடை ஸ்பேர் பார்ட்ஸ்காரரிடம் தெரியாமல் வாய் கொடுத்தால் முழுக் கதையும் கேட்டாக வேண்டும். "முதல்ல அவன் தையல் மெஷின்தான் போட்டான். உலகச் சண்டை முடிஞ்சப்ப அந்த ஊர்ல தைக்கத் துணியே இல்ல. சரி, மெஷின் மோட்டரைச் சைக்கிள்ல மாட்டுவோம்னு மாட்டினான். அப்புறம் மூணு சக்கரம், அப்புறம் கார். இன்னிக்கும் அவன் இன்ஜின் சத்தத்தைக் காது குடுத்துக் கேளுங்க, துணி தைக்கிற மாதிரிதான் இருக்கும்!" என்பார். அந்த வண்டியை அடித்துப் போட்டாலும் சாகாது என்பதும் அவர் வாக்குதான். ஜப்பானில் ஓடிக் களைத்ததைக் கப்பலேற்றி அனுப்புவார்கள். இங்கே வந்து இன்னொரு ஆயுசு ஓடும். சாவியைத் திருகினால் வண்டிக்குள் பதிந்து வைத்த குரலில் அந்த ஊர்ப் பெண் ஒருத்தி இனிமையாக ஏதோ சொல்வாள். என்ன சொல்கிறாள் என்று ஒருவருக்கும் தெரியாது. ஆளாளுக்கு ஒரு அர்த்தம் வைத்திருந்தார்கள். சீட்டக்காவின் புருஷன் மட்டும் மரியாதையாக, "ம், போலாம்மா" என்று பதில் சொல்லிவிட்டுத்தான் கியரைப் போடுவார்.

மகளுக்கு வெளியூரில் வேலை, சொந்தமாகக் கார், தனி வீடு. வரும்போதெல்லாம் ஒரே பாட்டுத்தான்.

"கிளம்பி வாம்மா என்கூட. இங்க தனியா கெடந்து என்ன பண்ணப் போற?"

"அப்பா வந்தா யாரு கதவைத் திறக்கிறது?"

"வர்றவரு எட்டு வருஷமாவா காத்து அடிச்சுக்கிட்டு இருப்பாரு?"

சொல்லிவிட்டு மகளே அழுவாள். சீட்டக்கா அழமாட்டாள். மெஷினை இன்னும் வேகமாக மிதிப்பாள்.

இப்படி இருக்கும்போதுதான் பல் டாக்டர் வந்து சேர்ந்தார். புதியவர் இல்லை. போன வருஷம் மழைக்காலத்தில் அவருடைய ஊசிக் காருக்கு இவள்தான் டிரைவர் சீட் போட்டுக் கொடுத்தாள். ஆறடி உயரம், ஒல்லி, எதையும் லேசில் நம்பாத மனுஷர். அன்றைக்கு முகம் பேயறைந்தது போலிருந்தது.

"அக்கா, அந்த சீட்டை மறுபடி பாருங்க."

"ஏன் டாக்டர், எலி கடிச்சிருச்சா?"

"எலின்னா எலின்னு சொல்லிட்டுப் போயிடுவேனே. இது எப்படிச் சொல்றது... யாரோ மடியில உக்காந்த மாதிரி இருக்கு."

சீட்டக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

"நான் பல்லைப் பிடுங்குறவன்கா, பேய் பிசாசுன்னு பேசுற ஆள் இல்ல. ஆனா காலையில கதவைத் திறந்தா சீட் முன்னாடி தள்ளி இருக்கு. ஏறவே முடியல, முட்டி இடிக்குது. எங்க வீட்ல எனக்கு மட்டும்தான் வண்டி ஓட்டத் தெரியும். கிலோமீட்டர் ஏறல, பெட்ரோல் குறையல. உள்ள சேறு வாசனை, குளத்துல அள்ளிப் போட்ட மாதிரி. இன்னொண்ணு சொன்னா என்னையே பைத்தியம்னுவீங்க. சாவியைத் திருகினதும் அந்தப் பொண்ணு பேசுது பாருங்க, அது முடிஞ்சதும் யாரோ 'ம்'னு சொல்றாங்க."

கத்தரிக்கோல் நின்றது.

"அப்புறம் இந்தக் கண்ணாடி. நேரா வச்சுட்டுப் போறேன், மறுநாள் திரும்பி இருக்கு. ரோடு தெரியாது. பின்சீட்டோட இடது ஓரம்தான் தெரியுது. அங்க யாரும் உக்காரறதே இல்லக்கா."

அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "சாயங்காலம் வாங்க டாக்டர்" என்று மட்டும் சொன்னாள். அவர் தலை மறைந்ததும் சீட்டைக் கழற்றிக் கொண்டுவந்து மேஜையில் போட்டாள். கம்பி வளையங்களை நறுக்கி உறையை உரித்தாள். அவள் போட்ட ஃபோமில் ஆழமாக ஒரு குழி. ஒல்லி டாக்டருடையது இல்லை, அகலமான குள்ள மனுஷருடையது. கையை வைத்தாள். வலது பக்கம்தான் ஆழமாக இறங்கியிருந்தது.

வலது பக்கம். அவர் சாய்வது இடது பக்கம்.

அவர் இல்லை. அப்பாடா என்று இருந்தது, அந்த அப்பாடாவை நினைத்தே ஆத்திரமும் வந்தது. இத்தனை வருஷம் தேடிவிட்டு, கண்டுவிடுவோமோ என்று பயப்படுகிறோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். உரித்த உறை மேஜையில் உள்புறம் வெளியே தெரியக் கிடந்தது. இடது பக்கத் தையல் வலது பக்கம் இருந்தது. தைக்கிறவளுக்கு அதை ஒருவர் சொல்லித்தர வேண்டாம். திருப்பிப் போட்டால் இடம் வலமாகும்.

அப்போதுதான் போன வருஷம் என்ன செய்தோம் என்பது நினைவுக்கு வந்தது. பழைய ஜப்பான் ஃபோம் கிடைத்தால் விடக்கூடாது, புதிது அதன் கால் தூசி பெறாது. ஆகவே காயலான் கடையில் வாங்கி, குழி விழுந்த முகத்தைக் கீழே போட்டு, அடிப்பக்கத்தைக் கத்தியால் சீவிச் சமமாக்கி, மேலே மெல்லிசாகப் புது ஃபோம் ஒட்டிவிடுவார்கள். தொழிலில் எல்லோரும் செய்வதுதான். திருப்பிப் போடுமுன் குழியை ஒரு தடவை தடவிப் பார்ப்பது சீட்டக்காவின் வழக்கம். அன்று கொட்டுகிற மழை, கரண்ட் இல்லை, டாக்டர் வாசலில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். காயலான் கடைக்காரன் கழுவிக் காயவைத்து அனுப்பிய ஃபோம் ஏற்கெனவே குப்புறத்தான் கிடந்தது. அப்படியே சீவினாள், ஒட்டினாள், தைத்தாள். அந்த ஒரே ஒரு சீட்டைத்தான் அவள் தடவிப் பார்க்காமல் விட்டாள்.

ஃபோமைப் பெயர்த்துத் திருப்பினாள். ஆழம் இடது பக்கம் வந்தது. அதன் கீழே பழைய சொல்யூஷன் கோடு. நகத்தை விட்டுக் கிழித்தாள். சுருட்டிய நீலத் துணி சேறு நாற்றத்தோடு வெளியே வந்தது. மகள் ஐந்தாம் வகுப்பில் மை கொட்டிக்கொண்டு வந்து அடி வாங்கிய கறை அப்படியே இருந்தது.

துணியைக் கையில் பிடித்தபடியே காயலான் கடைக்கு ஓடினாள். கடைக்காரன் நெற்றியைச் சுருக்கி யோசித்தான்.

"அதுவா? ஏரி வத்துச்சே, அப்ப சேத்துக்குள்ள இருந்து எடுத்த வண்டிக்கா. நம்பர் பிளேட் இல்ல. ஏலத்துல நான் எடுத்தேன்."

"உள்ள... யாராவது?"

"யாரும் இல்ல. போலீஸ்காரங்களும் தலையைச் சொறிஞ்சுட்டுப் போயிட்டாங்க. ஜன்னல் கண்ணாடி எல்லாம் ஏத்தி இருந்துச்சு. நாலு கதவும் உள்ளாற லாக். சாவி அப்படியே கெடந்துச்சு. டிரைவர் பெல்ட் மாட்டினது மாட்டினபடி இருந்துச்சுக்கா, நான்தான் அறுத்தேன். ஆள் மட்டும் இல்ல." சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். "ஏன்கா, தெரிஞ்ச வண்டியா?"

அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வயிற்றிலிருந்து எட்டு வருஷத்து அழுகையும் வந்தது.

"வந்துட்டாருடா! என் கடைக்கே வந்துட்டாரு! வந்த மனுசனைக் குப்புறப் படுக்கப் போட்டு, நானே தைச்சு மூடி, அடுத்தவன் வீட்டுக்கு அனுப்பிட்டேனே!"

சாயங்காலம் டாக்டருக்குப் புது சீட் தயாராக இருந்தது. பழைய ஃபோமில் என்ன கோளாறு என்று அவர் கேட்டார். "தப்பா மாட்டிட்டேன் டாக்டர், என் மேலதான் குத்தம்" என்றாள். அதன் பிறகு அவருடைய கண்ணாடி வைத்தது வைத்தபடி இருக்கிறதாம், சேறு வாசனையும் இல்லையாம். ஆனால் சாவியைத் திருகும்போது அந்தப் பெண் பேசி முடித்ததும் வண்டி ஒரு மாதிரி வெறிச்சென்று இருக்கிறது என்று, கொஞ்சம் வருத்தத்தோடே சொல்லிவிட்டுப் போனார்.

ஃபோமை அவள் சரியான முகம் மேலே இருக்கும்படி மெஷினுக்கு முன்னால் இருந்த நாற்காலியில் போட்டு, நீலத் துணியைப் பழைய இடத்திலேயே திணித்து, உறை தைத்தாள். அன்றிலிருந்து காலையில் கடையைத் திறந்தால் நாற்காலி மெஷினில் முட்டிக்கொண்டு நிற்கும். அவள் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவாள். உட்காரும்போது சீட் வெதுவெதுப்பாக இருக்கும். "வந்ததும் வந்தீங்க, ஒரு வார்த்தை பேசினா கொறைஞ்சா போயிடுவீங்க?" என்று திட்டிக்கொண்டே நூல் கோப்பாள்.

அடுத்த முறை மகள் வந்து வாயைத் திறக்குமுன் அவளே சொன்னாள், "நான் வரேன்."

மகள் நம்பவில்லை. "அப்பா வந்தா யாரு கதவைத் திறப்பா?"

"வந்தாச்சு. அந்த நாற்காலியையும் ஏத்திக்க."

மகள் அம்மாவைக் கூர்ந்து பார்த்தாள். எங்கே மறுபடி மனசு மாறிவிடுவாளோ என்று, மறுபேச்சுப் பேசாமல் நாற்காலியைத் தூக்கி முன் சீட்டில் வைத்தாள். தையல் மெஷின் டிக்கியில் ஏறியது. சீட்டக்கா நாற்காலிக்கு பெல்ட் மாட்டி, இழுத்துப் பார்த்து, தளர்த்தி, மறுபடி மாட்டினாள். இந்தக் கூத்தைப் பார்த்து மகள் தலையில் அடித்துக்கொண்டு, வீட்டைப் பூட்டப் போனாள். சீட்டக்கா பின்னால் ஏறி இடது ஓரத்தில் உட்கார்ந்தாள்.

மகள் திரும்பி வந்து கதவைத் திறந்தவள், அப்படியே நின்றாள். அவளுடைய சீட் ஸ்டியரிங்கை ஒட்டி முன்னால் போயிருந்தது. அதைப் பின்னால் தள்ளி, ஏறி உட்கார்ந்து, தலைக்கு மேலே பார்த்தாள். கண்ணாடியில் பின்னால் ரோடு இல்லை. அம்மாவின் முகம்தான் இருந்தது.

"யாரும்மா இதைத் திருப்பினது?"

சீட்டக்கா கண்ணாடியைப் பார்த்துத் தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள்.

மகள் கையை உயர்த்தினாள். கை கண்ணாடி வரை போய் நின்றது. பிறகு கையை இறக்கிக்கொண்டு, பக்கக் கண்ணாடிகளை மட்டும் சரிபண்ணினாள்.

"அப்பா, ரோட்டைப் பாருப்பா" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள்.